வெற்று நிலம் என்று எழுதப்பட்ட புல்வெளி

களை என்பது தாவரவியல் சொல் அல்ல. எந்தத் தாவரக் குடும்பத்துக்கும் அந்தப் பெயர் கிடையாது. நட்டவனுக்கு வேண்டாதது எதுவோ அது களை. ஆகவே அந்தச் சொல்லுக்குள் நட்டவன் ஒருவன் எப்போதும் நின்றுகொண்டிருக்கிறான். பழனி மலையின் மேல்தட்டில், கொடைக்கானலைச் சுற்றி, கடந்த நூற்றாண்டில் நடந்த பெரிய மாறுதலைப் புரிந்துகொள்ள இந்தச் சொல்லிலிருந்து தொடங்குவது சௌகரியம் என்று எனக்குப் படுகிறது. அங்கே ஏழாயிரம் அடி உயரத்தில் பரந்து கிடந்த புல்வெளி முதலில் 'வெற்று நிலம்' என்று எழுதப்பட்டது. பைன் நட்ட பிறகு அதே புல் 'களை' ஆயிற்று. கடைசியில் நிழலில் செத்தது. மூன்று கட்டங்களிலும் அதைப் புல் என்று யாரும் அழைக்கவில்லை.

நான் வங்கியில் குமாஸ்தா. வனவியல் என் தொழில் அல்ல. இருந்தும் இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பாத்தியதை உண்டு என்று நினைக்கிறேன். பைன் தோட்டத்தின் சரித்திரம் பாதி கூட்டு வட்டியின் சரித்திரம். மறுபாதி ஒரு சொல்லைத் தவறான இடத்தில் பிரயோகித்ததன் சரித்திரம். முன்னதோடு பகலிலும் பின்னதோடு இரவிலும் எனக்குப் பரிச்சயம்.

1

பழனி, நீலகிரி, ஆனைமலை உச்சிகளில் இயற்கை இரண்டு வகையாகத் தன்னைப் பிரித்துக்கொண்டிருந்தது. பள்ளங்களில், ஓடை வழிந்த மடிப்புகளில் சோலை: குட்டையான, இருண்ட, பாசி பிடித்த மரங்கள். மேடுகளிலும் சரிவுகளிலும் புல். இரண்டுக்கும் இடையே எல்லை கத்தியால் வெட்டியது போல் இருக்கும். ஏன் இப்படி என்ற கேள்விக்கு 1938இல் 'இந்தியன் பாரெஸ்டர்' பத்திரிகையில் இரண்டு வன அதிகாரிகள் இரண்டு விடைகள் எழுதினார்கள். இருவரும் பேசியது நீலகிரியைப் பற்றி.

என். எல். போர் சொன்னது: இந்தப் புல்வெளி தீயாலும் மேய்ச்சலாலும் உண்டானது; மனிதனும் மாடும் விலகிக்கொண்டால் காடு மீண்டும் வந்து மூடிவிடும். சி. ஆர். ரங்கநாதன் சொன்னது வேறு. குளிர்கால இரவுகளில் திறந்த சரிவில் உறைபனி விழுகிறது. சோலை மரத்தின் கன்று அதைத் தாங்காது. ஆகவே காடு தன் நிழலை விட்டு வெளியே வர முடியாது. புல்லும் சோலையும் இரண்டுமே அங்கே முடிவான நிலைகள். ஒன்று மற்றொன்றின் சிதைவு அல்ல.

இது அறிஞர்களுக்குள் நடந்த சில்லறைத் தகராறு அல்ல. போர் சொன்னது சரி என்றால் புல்வெளி ஒரு காயம். அதில் எந்த மரத்தை நட்டாலும் அது ஏதோ ஒரு வகையில் சிகிச்சை. ரங்கநாதன் சொன்னது சரி என்றால் மரம் நடுவதுதான் காயம். நடைமுறையில் வென்றது முதல் பார்வை. அது நிரூபிக்கப்பட்டதால் அல்ல. மரம் நட நினைத்தவர்களுக்கு அது வசதியாக இருந்ததால். 1993இல் சுகுமாரும் அவருடைய சகாக்களும் நீலகிரிச் சதுப்புகளின் கரிமண்ணை ஆராய்ந்து முடிவுகளை வெளியிட்டார்கள். புல்லும் மரமும் காற்றிலிருந்து கரியை வேறு வேறு விதமாக எடுத்துக்கொள்கின்றன. அந்த வித்தியாசம் மக்கிய பிறகும் மண்ணில் தங்குகிறது. அதை அடுக்கு அடுக்காகப் படித்தால் 20,000 ஆண்டுகளாகப் பருவநிலையோடு சேர்ந்து புல் பெருகியும் சுருங்கியும் வந்திருப்பது தெரிந்தது. கோடரிக்கும் மாட்டுக்கும் வெகு காலம் முன்பே புல் அங்கே இருந்தது. இந்தப் பதில் வந்து சேர்வதற்குள் நட வேண்டியதையெல்லாம் நட்டு முடித்திருந்தார்கள்.

2

நடுகிற ஆசை எங்கிருந்து வந்தது? 1840களிலேயே ஆஸ்திரேலியாவின் வாட்டிலும் யூகலிப்டஸும் நீலகிரிக்கு வந்துவிட்டன. 1845இல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் குடியேறினார்கள். 1863இல் லெவின்ஜ் ஏரியைக் கட்டினார். அந்தக் காலத்து நடவு பெரும்பாலும் விறகுக்கும், ஊர் நினைவுக்குமானது. குளிரில் நடுங்கிய வெள்ளைக்காரனுக்கு அடுப்பெரிக்க மரம் வேண்டியிருந்தது, ஜன்னல் வழியே பார்க்க மரமுள்ள மலையும் வேண்டியிருந்தது. பைன் தோப்பை 1906இல் பிரையண்ட் தொடங்கினார் என்று சுற்றுலாக் குறிப்புகள் சொல்கின்றன. ஆனால் தோப்பு வேறு, தோட்டம் வேறு. தோட்டத்துக்குப் பின்னால் ஒரு கோட்பாடு இருக்கிறது. அது ஜெர்மனியில் பிறந்தது.

1849இல் மார்ட்டின் பாவுஸ்ட்மன் என்ற வன அதிகாரி ஒரு கேள்வி கேட்டார்: மரமில்லாத நிலத்தில் இன்று மரம் நட்டு, வெட்டி, மறுபடி நட்டு, மறுபடி வெட்டி, முடிவில்லாமல் இப்படியே செய்துகொண்டு போனால் அந்த நிலத்தின் இன்றைய விலை என்ன? விடையாக அவர் எழுதிய சூத்திரம் இன்றும் வனப் பொருளாதாரத்தின் அஸ்திவாரம். அடுத்த பத்தாண்டில் தாரான்ட் வனக் கல்லூரியின் கணித ஆசிரியர் மாக்ஸ் பிரெஸ்லர் அதை ஒரு சித்தாந்தமாகவே ஆக்கினார்: காட்டின் வேலை நிலத்தில் போட்ட முதலுக்கு வட்டி தருவது.

இதன் பொருள் என்ன என்பதை எந்த வங்கிச் சிப்பந்தியும் காகிதமில்லாமல் சொல்வான். நடுவதற்கு 100 ரூபாய் ஆகிறது, வட்டி 5 சதவீதம் என்று வையுங்கள். 20 ஆண்டில் வெட்டினால் மரம் 265 ரூபாய்க்கு விலைபோனால் போதும், கணக்கு நேராகிவிடும். 80 ஆண்டு காத்திருந்தால் அதே மரம் 4,956 ரூபாய்க்கு விலைபோக வேண்டும். எந்த மரமும் அப்படிப் பருப்பதில்லை. ஆகவே மெதுவாக வளரும் மரம், எவ்வளவு உயர்ந்த மரமானாலும், கணக்குப்படி நஷ்டம். சோலை மரம் இந்தப் பரீட்சையில் உட்காரக்கூட முடியாது. புல்லுக்கு விடைத்தாளே கிடையாது. அது சூத்திரத்தில் 'மரமில்லாத நிலம்' என்ற ஆரம்ப நிபந்தனையாக மட்டும் வருகிறது. பாவுஸ்ட்மன் தமிழ்நாட்டு மலையைப் பார்த்ததில்லை. ஆனால் அவருடைய சூத்திரத்தின் முதல் வரியிலேயே அந்தப் புல்வெளி வெற்று நிலமாகிவிட்டது.

இந்தியாவில் வனத்துறையை உருவாக்கியவர்களும் ஜெர்மானியர்கள்தாம். 1864இல் முதல் வனத் தலைமை ஆய்வாளரான டீட்ரிச் பிராண்டிஸ், அவருக்குப் பின் ஷ்லிஷ், ரிப்பென்ட்ராப். மதராஸ் வனச் சட்டம் 1882இல் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் பார்வை மாறவில்லை, வேகம் கூடியது. 1952ஆம் ஆண்டு தேசிய வனக் கொள்கை நாட்டின் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு காடாக வேண்டும், மலைப்பகுதியில் அதற்கும் மேல் வேண்டும் என்றது. இலக்கு என்று ஒன்று வந்துவிட்டால் அதை நிரப்ப இடம் தேடுவார்கள். சோலை ஏற்கெனவே காடு. மிச்சம் இருந்தது புல். தோல் பதனிட வாட்டில் பட்டை, செயற்கைப் பட்டுக்கு மரக்கூழ் — சிறுமுகையில் இயங்கிப் பின்னால் மூடப்பட்ட விஸ்கோஸ் ஆலையை நினைத்துக்கொள்ளலாம் — இவற்றோடு சேர்ந்து மெக்ஸிகோவின் பட்டுலா பைனும் சரிவுகளில் வரிசை வரிசையாக ஏறியது.

1973க்கும் 2014க்கும் இடையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018இல் வெளிவந்த ஆய்வு, பழனி மலையில் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்கிறது. மரத் தோட்டமும் விவசாயமும் காரணம். நாற்பது ஆண்டு, ஒருவனுடைய உத்தியோக காலத்தைவிடக் கொஞ்சம் அதிகம்.

3

பைனுக்கு அடியில் நடப்பதைப் படிப்படியாகப் பார்க்க வேண்டும். 'பைன் மண்ணில் விஷம் இறக்குகிறது' என்று சொல்லி முடித்துக்கொள்வது சுலபம். ஆனால் நடப்பது அதைவிடச் சாதாரணமானது, அதனாலேயே அதைவிடக் கொடுமையானது.

நட்ட முதல் சில ஆண்டுகளில் வலுவான கட்சி புல்தான். அதன் வேர் மேல்மண்ணை நெருக்கமாகப் பின்னியிருக்கிறது. மழை நீரை முதலில் எடுப்பது அது. கன்றைச் சுற்றிப் புல்லைச் செதுக்காவிட்டால் கன்று வாடும், அல்லது வளராமல் நிற்கும். நடுகிறவன் களை என்று சொல்வது இந்தக் கட்டத்தில்தான். உலகம் முழுவதும் பைன் நட்ட இடங்களில் கண்ட உண்மை இது: ஆரம்பத்தில் புல்லை அடக்கினால் மரம் வேகமாக எழும்புகிறது. மரத்தின் வளர்ச்சி அடிச்செடியின் சாவிலிருந்து எடுத்த கடன் என்று இதைச் சொல்லலாம்.

பிறகு கிளைகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொள்கின்றன. கூரை மூடுகிறது. மலைப் புற்கள் முழு வெயிலில் வாழப் பழகியவை; நிழலில் அவற்றால் ஜீவிக்க முடியாது. செதுக்க ஆள் தேவையில்லை, நிழலே செதுக்கிவிடுகிறது. மேலே ஊசியிலை விழுந்து மெத்தையாகிறது. அது எளிதில் மக்குவதில்லை. குளிர்ந்த உயரத்தில் இன்னும் தாமதம். தழைச்சத்து இலையோடு சேர்ந்து அங்கேயே அடைபட்டுக் கிடக்கிறது. ஒரு விதை விழுந்தாலும் அதன் வேர் மண்ணைத் தொடுவதற்குள் மெத்தை காய்ந்துவிடும். இன்னொன்றும் உண்டு. பைனின் வேர் தனக்கென்று ஒரு வகைக் காளான் இல்லாமல் சரியாக வளராது. ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா போன்ற இடங்களில் முதலில் நட்ட பைன்கள் நோஞ்சானாகக் கிடந்து, பழைய தோட்டத்து மண்ணைக் கொண்டுவந்து போட்ட பிறகே தேறின. மரத்தோடு அதன் பாதாளமும் கப்பலேறி வந்தது.

தண்ணீர் விஷயத்தில் இதே பட்டுலா பைன் வைத்துத் தென்னாப்பிரிக்காவில் நடந்த பரிசோதனை ஒன்று நமக்கு முக்கியம். மோக்கோபுலான் என்ற இடத்தில் புல்வெளி ஓடை ஒன்றின் நீர்ப்பிடிப்பு முழுவதிலும் 1971இல் பைன் நட்டார்கள். பன்னிரண்டாம் ஆண்டு ஓடை அடியோடு வற்றியது. பக்கத்தில் யூகலிப்டஸ் நட்ட ஓடை ஒன்பதாம் ஆண்டே வற்றியது. மரத்தை வெட்டிய பிறகும் ஓடை முழுதாகத் திரும்ப ஐந்து ஆண்டு ஆனது. காரணம் மர்மம் இல்லை. வறண்ட மாதங்களில் புல் காய்ந்து உறங்குகிறது, நீர் குடிப்பதில்லை. பைன் வருஷம் முழுக்கப் பச்சை, வேரும் ஆழம். காய்ந்த புல்லைப் பார்த்து 'செத்த நிலம்' என்றவர்கள், அந்த உறக்கம்தான் கோடையில் ஓடையை ஓட வைத்தது என்பதைக் காணவில்லை. வைகைக்கும் அமராவதிக்கும் பழனி மலையிலிருந்து தண்ணீர் வருகிறது என்பதை மட்டும் இங்கே சேர்த்துச் சொல்லி நிறுத்துகிறேன்.

4

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். புல் போனாலும் மரம் வளர்கிறதே, அது உண்மையான வளர்ச்சிதானே? அந்த வளர்ச்சியாவது நிலைக்குமா என்று பார்த்தவர்கள் உண்டு.

தென் ஆஸ்திரேலியாவில் ரேடியாட்டா பைனை முதல் தடவை வெட்டி இரண்டாம் தடவை நட்டபோது, பெரும்பாலான இடங்களில் இரண்டாம் தலைமுறை முதலைவிட மட்டமாக வளர்ந்ததைக் கீவ்ஸ் என்பவர் 1966இல் எழுதினார். பாவுஸ்ட்மனின் சூத்திரம் ஒவ்வொரு சுற்றும் முந்தையதைப் போலவே இருக்கும் என்று வைத்துக்கொண்டிருந்தது, அது பொய்த்தது. பிறகு காரணம் தெரிந்தது. வெட்டிய பின் கிளையையும் சருகையும் கொளுத்தியதில் தழைச்சத்து புகையாகப் போயிற்று, களையும் பெருகியது. சருகை மண்ணிலேயே விட்டு, களையை அடக்கியபோது வளர்ச்சி திரும்பியது. ஸ்வாஸிலாந்தின் உசுட்டுவில், இன்று எஸ்வாதினி என்று பெயர், மலைப் புல்வெளியில் நட்ட இதே பட்டுலா பைனை ஜூலியன் எவன்ஸ் 1968லிருந்து பல தலைமுறைகள் அளந்துகொண்டே வந்தார். பொதுவாக வளர்ச்சி குறையவில்லை. மணிச்சத்து குறைந்த ஒரு வகைப் பாறை மண்ணில் மட்டும் குறைந்தது.

ஆக, பைன் தோட்டம் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் என்று நம்புகிறவர்களுக்கு இங்கே ஆறுதல் இல்லை. ஒழுங்காகப் பராமரித்தால் மரம் வளர்ந்துகொண்டே இருக்கும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம்மவர்கள் ஒரு தீமை தானாகவே தோற்றுவிடும் என்று நிரூபித்தால்தான் அதை எதிர்க்கிறார்கள். பைன் தோட்டம் வெற்றி பெற்ற இடத்திலும் புல்வெளியின் இழப்பு இழப்புதான். அந்த வாதத்துக்கு மரத்தின் தோல்வி தேவையில்லை.

5

இனி வருவது யாரும் திட்டமிடாதது. கொடைக்கானலில் பழைய பைன் தோட்டங்களுக்குள், சோலையை ஒட்டிய இடங்களில், சோலைச் செடிகள் முளைத்திருக்கின்றன. சைக்கோட்ரியா போன்ற புதர்கள், நாவல் இனத்துக் கன்றுகள். வரிசையாக நின்ற மரம் காற்றில் விழுந்து அல்லது வெட்டுப்பட்டு வெளிச்சம் கொஞ்சம் இறங்கியது. பழந்தின்னிப் பறவைகள் கிளையில் உட்கார்ந்து விதை போட்டன. தீ வரவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, கூரையின் கீழ் உறைபனி விழவில்லை.

ரங்கநாதன் 1938இல் சொன்னதற்குப் பைன் தோட்டமே சாட்சியாகிவிட்டது. பனியைத் தடுத்தால் சோலை வெளியே வரும். பனி இருந்ததால்தான் அது இதுவரை வரவில்லை. போர் சொன்னபடி மனிதன் விலகியதால் வரவில்லை. மனிதன் ஒரு அந்நிய மரத்தைக் குடையாகப் பிடித்ததால் வந்தது.

மரம் நேசிப்பவர்களுக்கு இது நல்ல செய்தி. எனக்கும் ஒரு அளவுக்கு நல்ல செய்திதான். சோலையும் குறைந்துகொண்டு வந்த ஒன்று. ஆனால் சந்தோஷத்தில் ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். சோலை முளைக்கும் இந்த இடங்களில் பல முன்பு புல்வெளி. அங்கே நடப்பது மீட்சி அல்ல, இரண்டாவது ஆக்கிரமிப்பு — இம்முறை உள்ளூர்க்காரனால். புல்லைப் பொறுத்த மட்டில் மெக்ஸிகோக்காரன் நிழலும் பழனி மலைக்காரன் நிழலும் ஒன்றே.

இங்கேதான் இலக்கியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. குறிஞ்சித் திணையைப் பற்றி நம் பல்கலைக்கழகங்களில் எத்தனையோ டாக்டர் பட்டங்கள் கொடுத்தாகிவிட்டன. அந்தத் திணைக்குப் பெயர் கொடுத்த செடி மரம் அல்ல. புல்வெளியில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பூத்து, விதைத்து, மடிகிற புதர். வனவியலின் கணக்கில் அது அடிச்செடி. நடவுக்காரன் பாஷையில் களை. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை வரிசையாகப் பெயர் சொல்லி அழைத்திருக்கிறார்; மரம், கொடி, புதர் என்று தரம் பிரிக்கவில்லை, எது விலைபோகும் என்று கேட்கவில்லை. அதை வெறும் பட்டியல் என்று அலுத்துக்கொண்ட விமர்சகர்கள் உண்டு. பெயரில்லாததை அழிப்பது எவ்வளவு சுலபம் என்று பார்த்த பிறகு, பட்டியலுக்கும் ஒரு தார்மிகம் உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. நம்முடைய திணைப் பெருமை ஏட்டில் குறிஞ்சியைப் போற்றிக்கொண்டிருந்த அதே பத்தாண்டுகளில் மலையில் குறிஞ்சியின் மேல் பைன் ஏறியது. அந்த வரிசைகளுக்கு நடுவே சினிமாக்காரர்கள் டூயட் எடுத்தார்கள். நாம் அதை இயற்கை என்று பார்த்து ரசித்தோம்.

6

1988ஆம் ஆண்டு வனக் கொள்கை வருமானத்தைப் பின்னுக்குத் தள்ளிச் சூழலின் சமநிலையை முன்னுக்கு வைத்தது. 2006இல் கேரளம் குறிஞ்சிமலை சரணாலயத்தை அறிவித்தது. 2022இல் தமிழ்நாடு அந்நிய ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றவும் சூழலை மீட்கவும் ஒரு கொள்கை வெளியிட்டது. காகிதத்தில் பார்வை மாறியிருக்கிறது. இனி ஆபத்து வேறு பக்கத்திலிருந்து: 'நடு' என்ற இலக்கு போய் 'வெட்டு' என்ற இலக்கு வருவது.

எல்லாவற்றையும் ஒரே மாதிரி வெட்டினால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததே. பைன் வெட்டினால் மறுபடி துளிர்க்காது. அந்த வகையில் அது கண்ணியமான மரம். ஆனால் பக்கத்தில் வாட்டில் இருந்தால், வெகு காலம் மண்ணில் உறங்கிய அதன் விதை, வெயில் பட்டதும் ஆயிரக்கணக்கில் முளைத்துவிடும். ஆகவே இடம் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை இது. சோலைக் கன்று நன்றாகப் பிடித்துவிட்ட தோட்டத்தில் பைனை மெல்ல மெல்லக் கலைத்து, குடையை நிதானமாக மடக்கலாம். திறந்த சரிவில் நின்றதை வெட்டி, மிச்சமிருக்கும் புல்வெளியிலிருந்து விதையும் புற்கரணையும் கொண்டுவந்து, முளைக்கும் வாட்டிலை ஆண்டுதோறும் பிடுங்க வேண்டும். இன்னும் அழியாத புல்வெளியில் பறந்து வந்து முளைத்த பைன் கன்றைக் கையால் பிடுங்குவதே எல்லாவற்றிலும் மலிவான, எல்லாவற்றிலும் அவசரமான வேலை. அங்கே களை என்ற சொல் கடைசியில் சரியான செடியின் மேல் போய் உட்காரும்.

இதற்கெல்லாம் வட்டி வராது. பாவுஸ்ட்மனின் சூத்திரத்தில் இந்தச் செலவு எழுத ஒரு பத்தி கிடையாது. அதனால் செலவு தவறு என்று ஆகிவிடாது; சூத்திரம் எதைக் கேட்கத் தெரியாதது என்பதுதான் தெரிகிறது. 2018இல் கொடைக்கானல் சரிவுகளில் குறிஞ்சி பூத்தது. அடுத்தது 2030இல் வர வேண்டும். பூ பார்க்கப் போகிறவர்கள் நீலத்தை மட்டும் பார்க்காமல் அது எங்கே நிற்கிறது என்று பார்க்கட்டும். நீலம் முடிகிற இடத்தில் பெரும்பாலும் ஒரு மர வரிசை தொடங்கும். புல்வெளிக்கு என்ன மிச்சம் என்பதற்கு அதைவிடத் துல்லியமான வரைபடம் கிடையாது.